தாழ்ப்பாள் சத்தம்



நான் மயிலாப்பூர் பகுதிக் குழு உறுப்பினர். என் வீட்டில் அடி நின்று மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் ராத்திரி தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் இன்னும் கை நடுங்கும். அப்புறம் தூக்கம் வராது. குழுக் கணக்கில் கூட்டல் தப்பும். எனக்குப் புத்தி மழுங்கிப் போச்சுன்னு நினைச்சேன்.

எங்க ஊக்குநர் அக்கா திட்டலை. கூட்டம் முடிஞ்சதும் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா ஆச்சு?"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் அழுது முடிக்கிறவரை காத்திருந்தாங்க. "ஏன் இத்தனை நாள் பொறுத்துக்கிட்டே?"ன்னு கேட்கவே இல்லை. அவங்கதான் ஆலோசகரிடம் கூட்டிப் போனாங்க. "இது பைத்தியம் இல்லை. பயந்த உடம்பு இன்னும் காவல் காக்குது, மெல்ல மெல்ல அடங்கும்"னு அவர் சொன்னார்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005, அடியை மட்டும் வன்முறைன்னு சொல்லலை. இழிவாகப் பேசுறது, ஆண் பிள்ளை இல்லைன்னு குத்திக் காட்டுறது, இதுவும் வன்முறைதான். 181-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

ஒருத்தி தவணை தவறினால், கூட்டத்தில் மூலையில் ஒதுங்கினால், முதலில் கடனை விசாரிக்காதீங்க. அவளை விசாரிங்க.