தொட்டிலும் புகைபோக்கியும்
(கல்முனைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



உலகம் வெப்பமுறுவதற்கு ஏழை நாடுகளின் தொட்டில்களே காரணமென்று ஒரு குற்றச்சாட்டு எழுப்பப்படுகின்றது. பிறப்பைக் குறைத்தால் புகை குறையுமாம். நீதிமன்றிலே கேட்பதையே நாம் இங்கும் கேட்போம்: சான்று எங்கே?

நைஜர் நாட்டிலே ஒரு தாய்க்குச் சராசரி ஆறு பிள்ளைகள். ஆயினும் அந்நாட்டவர் ஒருவரின் பங்காக ஆண்டுதோறும் வெளியேறும் காபனீரொட்சைட்டு ஒரு தொன்னில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே. அமெரிக்காவில் ஒரு தாய்க்குச் சராசரி இரண்டு பிள்ளைகளும் இல்லை. ஒருவரின் பங்கோ ஏறத்தாழ 14 தொன்!

தூர தேசம் எதற்கு? இலங்கையில் 1950களில் ஒரு தாய்க்கு ஐந்து பிள்ளைகள். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2.2. பெண் கல்வியும் இலவச மருத்துவமும் கொணர்ந்த மாற்றம் இது. புகை குறைந்ததா? இல்லை. 2010க்கும் 2019க்கும் இடையில் நாட்டின் காபன் வெளியீடு ஒன்றரை மடங்கையும் கடந்தது. நுரைச்சோலையில் 2011 முதல் 2014 வரை படிப்படியாக எழுந்த 900 மெகாவாட் நிலக்கரி மின் நிலையமும், பெருகிய வாகனங்களுமே இதற்குப் பெருங் காரணங்கள்.

மக்கட்டொகை பொருட்டல்ல என்று நாம் வாதிடவில்லை. ஆனால், எரிக்கும் எரிபொருளை அளவிடாமல் தலைகளை மட்டும் எண்ணுவது, நெல்லை நிறுக்காமல் சாக்கை எண்ணி விலை பேசுவதை ஒக்கும்.

பிறப்புக் கணக்கைக் கொண்டு பகை வளர்ப்பதன் விளைவை எமது மாவட்டம் அறியும். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரிலே, முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலடாக்கும் மாத்திரை கலந்ததாக வதந்தி பரப்பினர். உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது, அது வெறும் மாவுக்கட்டி! இன்று அதே அச்சத்துக்குக் காலநிலை என்னும் புதுச் சட்டை அணிவிக்க நாம் இடமளிக்கலாகாது.

பரிகாரம் எது? எமது கிழக்கு மாகாணமே வழிகாட்டுகின்றது. சம்பூரில் அமையவிருந்த நிலக்கரி மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 2025 ஏப்ரலில் சூரிய மின் நிலையத்துக்கான பணி தொடக்கிவைக்கப்பட்டது. பிறப்பு வீதம் இந்த மாற்றத்தைச் செய்யவில்லை. அரசின் தீர்மானமே செய்தது.

ஆகவே, எமது கோரிக்கைகள் இவை. புதிய நிலக்கரி நிலையம் இந்நாட்டில் எழலாகாது. உழவரின் நீர்ப்பம்பிக்கும் நெசவாளரின் கூரைக்கும் சூரிய மின்சாரம் எட்டும் விலையில் கிடைக்கவேண்டும். பிள்ளைப்பேறு தாய் தந்தையரின் உரிமை. காலநிலையின் பெயரால் எந்தச் சமூகத்தின் மீதும் பழி சுமத்தலாகாது. இவற்றை இக்கூட்டத்தின் தீர்மானங்களாக ஒருமனதாக நிறைவேற்றித் தருமாறு வேண்டுகின்றோம்.