சைட் குவார்ட்டர்ஸில் குறுந்தொகை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இயந்திரங்களுக்கு நடுவே இலக்கியம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் மெக்கானிக்கல் படித்தவன். இலக்கியம் பேச என்னிடம் பட்டம் கிடையாது. அதனால் ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். பயப்படாதீர்கள், சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடுவேன்.

குறுந்தொகையை நான் முதலில் பார்த்தது நம் கல்லூரி நூலகத்தில், மூன்றாம் ஆண்டில். கடைசித் தமிழ் அலமாரிக்குப் பக்கத்தில்தான் நன்றாக ஓடும் மின்விசிறி இருந்தது. காற்றுக்காகப் போய் உட்கார்ந்து, கைக்கு எட்டியதை எடுத்தேன். 401 பாட்டு. பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடிதான். ஒரு டீ ஆறுவதற்குள் ஒரு பாட்டைப் படித்துவிடலாம். உரை இல்லாமல் எனக்குப் புரியாது, உ.வே.சாமிநாதையர் 1937-ல் உரை எழுதிப் பதிப்பித்தாரே, அவர் புண்ணியம். பிறகு சொந்தமாகவே ஒரு பிரதி வாங்கிக்கொண்டேன்.

2016-ல் சத்தீஸ்கரில் ஓர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இருந்தேன். வேலை நடந்த மூன்று வருடமும் குவார்ட்டர்ஸ் திருவிழா மாதிரி இருக்கும். கமிஷனிங் முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமாக லாரியில் சாமான் ஏற்றிக் கிளம்பியது. பாக்கி வேலையை முடிக்க ஐந்து பேரை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். என் வரிசையில் பன்னிரண்டு வீடு. விளக்கு எரிந்தது என் வீட்டில் மட்டும். மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்த நாட்கள் அவை.

ஒரு ராத்திரி 41-ஆம் பாட்டைப் படித்தேன். ஒரு பெண் தோழியிடம் சொல்கிறாள்: அவர் பக்கத்தில் இருந்தால் விழா நடக்கிற ஊர் மாதிரி இருக்கிறேன், பிரிந்து போனால், சனங்கள் விட்டுப்போன சின்ன ஊரில், முற்றத்தில் அணில் விளையாடுகிற வெறும் வீடு மாதிரி ஆகிவிடுகிறேன். புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னல் வழியே எதிர்வீட்டு வராந்தாவைப் பார்த்தேன். பகலில் அங்கேயும் அணில்தான் ஓடும்! நான் இருந்த இருப்பு சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

எழுதியவர் பெயர் தெரியாது. பாட்டில் வந்த சொல்லையே வைத்து அணிலாடு முன்றிலார் என்கிறார்கள். இப்படி இன்னும் சிலர்: குப்பைக் கோழியார், மீனெறி தூண்டிலார். இந்தத் தூண்டிலாரை நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் சேர்த்திருக்கலாம். யானை வளைத்த பச்சை மூங்கில், யானை விட்டதும், மீனைத் தூக்குகிற தூண்டில்போல் விருட்டென்று மேலே எழுகிறது என்று எழுதியவர். நம் டிராயிங்கில் வலது கீழ் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர் என்று பெயர் போடாமல் விடமாட்டோம். இவர்கள் பெயர் போயே போச்சு. மூங்கில் மட்டும் இன்னும் நிமிர்கிறது.

காலையில் பொதுக்குழுவில் ஒரு யோசனை வந்தது. நூலகத்தின் தமிழ் அலமாரிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டர் போடலாமாம். "எல்லாம் நெட்லயே கிடைக்குதே, சார்" என்றார் ஒரு நண்பர். உண்மைதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் குறுந்தொகையை இலவசமாகவே படிக்கலாம். ஆனால் தேடிப் போகிறவருக்குத்தானே அது அகப்படும்? நான் எதையும் தேடிப் போகவில்லையே, காற்றுக்கல்லவா போனேன்!

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாடியில் இடம் இருக்கிறது, நானே அளந்து பார்த்துவிட்டேன். மாலை நாலு மணிக்குத் தீர்மானம் ஓட்டுக்கு வருகிறது. தயவுசெய்து யாரும் சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள்.