தோழருக்காகத் தம்மையே ஈந்தவர்



ஜான் ஆஸ்போர்ன் கனடாவில் வேளாண்மை செய்தவர். பின்பு இரயில்வேயில் உழைத்தவர். ஐந்து பிள்ளைகளின் தந்தை. இரண்டாம் உலகப் போரில், வின்னிபெக் கிரனேடியர்ஸ் காலாட்படையின் சார்ஜெண்ட் மேஜராக ஹாங்காங் சென்றார்.

1941 டிசம்பர் 19. பட்லர் மலைப் போரில் ஜப்பானியர் அவருடைய பிரிவைச் சூழ்ந்துகொண்டனர். வந்து விழுந்த கையெறி குண்டுகளை எடுத்தெடுத்துத் திருப்பி வீசினார். ஒன்றை மட்டும் எடுத்தெறிய இயலவில்லை. தோழர்களை எச்சரித்துவிட்டு, தாமே அதன்மேல் விழுந்தார். அக்கணமே உயிர் பிரிந்தது. தோழர் பலர் பிழைத்தனர். 1946-இல் அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது வழங்கப்பட்டது.

அவர் சாவைத் தேடிப் போனவரா? இல்லை. வீச முடிந்த குண்டுகளையெல்லாம் வீசினாரே! வேறு வழியில்லாதபோதுதான் தம்மைக் கொடுத்தார்.

அவருடைய கல்லறை எதுவென்று தெரியாது. சாய் வான் நினைவிடத்தில் பெயர் மட்டுமே உண்டு. அன்று பிழைத்தவர்களே அவருடைய உண்மையான நினைவுச் சின்னம்.