மூடுபனியும் கமராக் கண்ணும்

மலைநாட்டு மூடுபனி தேயிலைக்குத் துணை. கமராவின் கண்ணாகிய வில்லைக்கோ பகை. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும், அதனினுந் தாழ்ந்த அற்றன், டிக்கோயாப் பகுதிகளிலும் மழைக்காலத்தில் ஈரம் பூட்டிய பெட்டிக்குள்ளும் புகும்.

பழைய வில்லையினுள்ளே தோன்றும் மங்கல் பெரும்பாலும் மூவகைப்படும். குவியத்தைச் சீராக்கும் திருகுமரைக்கு இட்ட கொழுப்பு, நாளடைவில் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்திற் படிதல் ஒன்று. இரு கண்ணாடிகளை ஒட்டும் கனடாப் பல்சம் என்னும் மரப்பிசின் பழுதுற்றுப் பிரிதல் மற்றொன்று. மூன்றாவது பூஞ்சணம். சிலந்திவலைபோற் படரும் அது, தான் சுரக்கும் அமிலத்தாற் கண்ணாடியையே அரிக்கவல்லது. கொழுப்பைத் துடைத்தகற்றலாம்; அரிபட்ட கண்ணாடி பழைய நிலைக்குத் திரும்பாது.

எனினும், காலம் படியவைப்பன யாவும் தீயவை அல்ல. 1890களில் டெனிஸ் ரெயிலர் என்னும் ஆங்கிலேய அறிஞர், மேற்பரப்பு நிறம்மாறிய பழைய வில்லை புதியதினும் மிகுந்த ஒளியைச் செலுத்தக் கண்டார். சீரான மென்படலம் ஒளி தெறிப்பதைக் குறைக்கும். உள்மங்கலோ ஒளியைச் சிதறடித்து, படத்தின் கருமையைச் சாம்பலாக்கும்.

இஃது சிறு செய்தியன்று. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் டிக்கோயாவில் மறைந்த புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரோன், இங்கு உழைப்போரையும் படம்பிடித்தார். அவருடைய இலங்கைப் படங்களுள் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. பின்னர், 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க உடன்பட்டது. தோட்டக் குடும்பங்கள் பல கடலுக்கு இருபுறமும் பிரிந்தன. பிரிந்தவர் முகத்தைக் காண ஒரு படமே துணையாயிருந்த இல்லங்களுக்கு, அதைப் பதித்த வில்லையின் தெளிவு எத்துணைப் பெறுமதியுடையது!

ஆகவே, பழைய கமரா வைத்திருப்போர் சிலவற்றைக் கைக்கொள்ளல் நன்று. ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் தோலுறையில் அதனை நெடுநாள் வைத்தலாகாது. அடுப்பருகில் வைத்தலும் தவறு. வெப்பம் கொழுப்பை இளக்கிவிடும். காற்றுப் புகாத தகரப் பேணியில், சிலிக்கா ஜெல் மணிகளுடன் வைத்தல் தக்கது. ஈரமேறியதும் நிறம்மாறும் வகை மணிகளை இளஞ்சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். மாதமொருமுறை வில்லையின் ஒருபுறம் டோர்ச் ஒளியைப் பாய்ச்சி மறுபுறமிருந்து சாய்வாக நோக்கினால், மங்கல் தொடக்கத்திலேயே புலப்படும். அப்பொழுதே தேர்ந்த கைவினைஞரிடம் ஒப்படைப்பின் வில்லை பிழைக்கும். காலந்தாழ்த்தின் கண்ணாடியே கெடும்.