பழுதுற்ற வாகனத்தை இழுக்குமுன்

மாரிகாலத்தில் சண்டிலிப்பாயின் வயலோர வீதியொன்றில், ஈரமண் நெகிழ்ந்து கார் ஒன்று சரிந்துவிட்டால், உதவிக்கு ஆள் சேர நெடுநேரம் ஆகாது. ஒருவர் கயிறு கொணர்வார். மற்றொருவர் உழவு இயந்திரத்துடன் வருவார். யாழ்ப்பாண நகரும் மானிப்பாய் வழியே அண்மையில்தான் உள்ளது. கராஜ் வரை இழுத்துச் சென்றுவிடலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆயின், அது நான்கு சில்லுகளாலும் உந்தப்படும் வாகனமாயின், அவ்வெண்ணம் பெருஞ்செலவில் முடியக்கூடும்.

இத்தகைய வாகனங்கள் பலவற்றில் முன்னச்சையும் பின்னச்சையும் இணைக்கும் பிணைப்பு ஒன்று உண்டு. வளைவுகளில் முன்சில்லுகளும் பின்சில்லுகளும் சிறிதே வேறுபட்ட வேகத்தில் சுழல அது இடங்கொடுக்கும். முன்சில்லுகளை உயர்த்திப் பின்சில்லுகளை மட்டும் உருளவிட்டாலோ, பிணைப்பின் ஒருபுறம் நிற்க, மறுபுறம் ஓயாது சுழலும். அதனால் உள்ளிருக்கும் எண்ணெய் சூடேறும்; தட்டுகள் தேய்ந்து கருகும்.

நான்கு சில்லுகளும் நிலத்தில் உருண்டால் தீங்கில்லை என்பாரும் உளர். தானியங்கிக் கியர்ப்பெட்டிகள் பலவற்றில் எண்ணெயைச் செலுத்தும் பம்பி எஞ்சினாலேயே சுழல்கிறது. எஞ்சின் ஓய்ந்திருக்கச் சில்லுகள் உருண்டால், உட்பாகங்கள் போதிய எண்ணெயின்றி உராயும். கியரை நடுநிலையில் வைத்தாலும் இக்குறை நீங்காது.

1948இல் அறிமுகமான லான்ட் றோவர் போன்ற பழைய வண்டிகளின் அமைப்பு வேறு. அவற்றின் மாற்றுப் பெட்டியை நடுநிலைக்குக் கொணர்ந்தால், சில்லுகளின் சுழற்சி கியர்ப்பெட்டியை எட்டாது. புதிய வாகனங்கள் அனைத்திலும் இவ்வசதியை எதிர்பார்த்தல் தவறு. எது பொருந்தும் என்பதை அவ்வவ் வாகனத்தின் கையேடே கூறும்.

ஐயமிருப்பின், கார் கரியர் எனப்படும் தட்டைமேடை லொறியில் நான்கு சில்லுகளையும் ஏற்றிச் செல்வதே பாதுகாப்பு. ஏற்றுங்கால் கைத்தடையைத் தளர்த்தி, இழுப்பதற்கென அமைந்த வளையத்திலேயே கொழுவியை மாட்டுதல் வேண்டும். அச்சிலோ சில்லுத் தாங்கியிலோ மாட்டலாகாது. மேடையேறியபின் கைத்தடையை மீண்டும் இட்டு, டயர்களைப் பட்டியால் இறுகக் கட்டுக. மேடை லொறி கிட்டாவிடின், நிலத்திலுள்ள இரு சில்லுகளுக்கும் அடியில் உருள்வண்டி வைத்தல் மாற்று வழியாகும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கியது. அவ்விடைக்காலத்தில் பலர் பழைய வாகனங்களையே பேணி ஓட்டினர். அவ்வாறு காத்த வண்டியைச் சிறிது தூர இழுவையால் கெடுத்துக்கொள்வது பேதைமை அன்றோ? ஒரே பெயருடைய காரில் இருவகை இயக்கமும் வருவதுண்டு; வெளித்தோற்றம் வேறுபாட்டைக் காட்டாது. ஆதலின், உதவி கோரித் தொலைபேசியில் அழைக்கும்போதே, நான்கு சில்லுகளும் இயங்கும் வண்டி என்பதை முதலிற் சொல்லிவிடுதல் நன்று.