காது கேட்கும்போதே சொல்லுங்கள்

(மயிலத்தில் நடந்த மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஐயா அளித்த செய்தி)



திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் பிடித்து இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். உங்கள் காணிக்கை எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை. கட்டடக் கணக்கையும் மருந்துக் கணக்கையும் செயலாளர் வாசித்துவிட்டார். அந்த நோட்டில் எழுத முடியாத ஒரு வரவை நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பக்கத்து விவசாயி ஒருவர். இரண்டு ஏக்கரில் மல்லாட்டை போடுகிறவர். அவருடைய பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டேன். கதையைச் சொல்லும்படி மாத்திரம் அவரே எனக்கு உத்தரவு கொடுத்திருக்கிறார். சில வருஷங்களுக்கு முன் மனைவியை நமது மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆன பிறகு அந்த அம்மாவுக்கு மறுபடியும் உதிரம் பட ஆரம்பித்திருக்கிறது. மகள் கல்யாணம் முடியட்டும் என்று எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறார்கள். சோதித்துப் பார்த்ததில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது.

சீட்டு எழுதுகிற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். "பேஷண்ட் பெயர்?" சொன்னார். "வயசு?" அவருக்குத் தெரியவில்லை. திரும்பி, "ஏய், உனக்கு எத்தினி வயசு?" என்றார். 28 வருஷம் ஒன்றாய் வாழ்ந்த மனைவி. அவரைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நம்மில் எத்தனை பேர் அந்தச் சீட்டைத் தப்பில்லாமல் எழுதுவோம்?

சிகிச்சை எப்படி என்று உங்களில் சிலருக்குத் தெரியாமலிருக்கலாம். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 25 தடவை கதிர் சிகிச்சை. வாரம் ஒரு நாள் நரம்பு வழியே மருந்து. அதன் பிறகு கர்ப்பப்பைக்குள்ளேயே கருவி வைத்துச் சில தடவை உள்கதிர் சிகிச்சை. எல்லாம் முடிய ஏறக்குறைய இரண்டு மாதம். வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு. இந்த இரண்டு மாதமும் அந்த மனிதர் உடனிருப்போர் கொட்டகையில் பாய் போட்டுப் படுத்தார்.

ஊரில் யாரோ, "அவளுக்குத் தட்டு தனியாய் வை, ஒட்டிக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். டாக்டர் அம்மா அவரை உட்கார வைத்து, தொடுவதாலும் ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் புற்றுநோய் ஒட்டாது என்று விளக்கினார்கள். அன்று இரவே மனைவி மிச்சம் வைத்த கஞ்சியை அதே தட்டில் குடித்தார். அதைப் பார்த்து அந்த அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுததாக நர்ஸ் என்னிடம் சொன்னார்.

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு நாள், கஷ்டப்பட்டு வைத்த கஞ்சியைக் குமட்டலில் தட்டிவிட்டார்கள். அவர் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டார். பிறகு குழாயடியில் போய் நின்றுகொண்டு வெகுநேரம் முகம் கழுவினார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "ஐயா, நான் போடுற சத்தத்தையெல்லாம் இத்தினி வருஷமா அவ வாயைத் தெறக்காம வாங்கிக்கிட்டா. இன்னிக்கு அவளால வாங்க முடியலே. அப்பத்தான் எனக்கு உறைச்சுது" என்றார். எனக்குப் பதில் தோன்றவில்லை. தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் வார்டுக்குப் போனபோது, அவர் மனைவிக்குத் தலை வாரிப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். பின்னல் கோணல்மாணலாய் இருந்தது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "ஐயா, 28 வருஷம் சோறு போட்டேன். ஒரு நாள் நல்லாருக்குன்னு சொன்னதில்லே. இப்ப இவரு வைக்கிற கஞ்சியிலே உப்பு இல்லே. ஆனா நான் தெனமும் நல்லாருக்குன்னு சொல்றேன்" என்றார்கள். அவர் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி சொன்னார்: "நீ போட்ட சோறு நல்லாத்தான் இருந்திச்சு. எல்லா நாளும் நல்லாத்தான் இருந்திச்சு."

சகோதரரே, நான் செமினரியில் படித்தவன், முப்பது வருஷத்துக்கு மேல் பிரசங்கம் செய்கிறவன். அதைவிட நேரான நன்றிப் பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போனேன். என் மனைவி காபி கொண்டு வந்தார்கள். "காபிக்கு ரொம்ப நன்றி" என்றேன். அவர்கள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார்கள். நன்றி சொன்னால் காய்ச்சல் என்று நினைக்கும்படி அவர்களைப் பழக்கி வைத்திருந்தவன் நான்தான்.

இந்தத் திண்டிவனம் மண்ணிலே இன்னொரு சம்பவம் உண்டு. 1890களின் தொடக்கத்தில், மிஷனெரி டாக்டர் ஜான் ஸ்கடர் ஐயா இங்கே ஊழியம் செய்த காலத்தில், ஒரே இரவில் மூன்று கணவர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில். ஆண் டாக்டர் பார்க்க வழக்கம் இடங்கொடுக்கவில்லை. மகள் ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவரோ அப்போது மருத்துவம் படிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா சென்று 1899இல் டாக்டராகி, 1900இல் வேலூருக்கு வந்து சேர்ந்தார். அதே வருஷம் அவருடைய தகப்பனார் புற்றுநோயால் காலமானார். தாயார் சோபியா அம்மையார் சொந்த தேசத்துக்குத் திரும்பாமல் மகளோடேயே தங்கிவிட்டார்கள்.

ஐடா ஸ்கடர் கட்டிய முதல் மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது. அதன் பெயர் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் ஞாபகமாக 10,000 டாலர் கொடுத்தார்.

நம் தேசத்திலும் அப்படியே. சர் தோராப்ஜி டாட்டா 1898இல் மெஹர்பாயை மணந்தார். 1931இல் அந்த அம்மையார் இரத்தப் புற்றுநோயால் இறந்தார்கள். மறுவருஷமே தோராப்ஜி மனைவியின் பெயரால் அந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். அதே 1932இல் அவரும் காலமாகி, இங்கிலாந்தில் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டார். 1941இல் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. எத்தனையோ ஏழைப் புற்றுநோயாளிகள் அங்கே சுகம் பெற்றிருக்கிறார்கள்.

இவை பெரிய காணிக்கைகள். அவற்றுக்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் ஒன்றை யோசியுங்கள். மேரி அம்மையார் தம் பெயர் எழுதிய கட்டடத்தைப் பார்க்கவில்லை. மெஹர்பாய் அம்மையாரும் பார்க்கவில்லை. நமக்கு மருத்துவமனை கட்ட வசதி இல்லை. அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று நம் கையில் இருக்கிறது. நாம் நன்றி சொல்ல வேண்டியவருடைய காது இன்னும் கேட்கிறது.

லூக்கா 17ஆம் அதிகாரத்திலே சுகமான பத்துப் பேரில் ஒருவன் மாத்திரம் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரும் நன்றி கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டு அப்புறம் வந்து சொல்லலாம் என்று இருந்திருப்பார்கள். "அப்புறம்" என்ற அந்த ஒரு வார்த்தை எத்தனை குடும்பங்களில் நன்றியை விழுங்கியிருக்கிறது!

புற்றுநோய் ஓர் ஆசீர்வாதம் என்று யாராவது சொன்னால் நம்பாதிருங்கள். அது கொடுமையான நோய். தேவன் அன்பைக் கற்றுக்கொடுக்க அதை அனுப்பினார் என்று எந்தப் படுக்கையருகிலும் நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். நோய் வந்த இடத்திலும் அன்பு வரக்கூடும் என்பதை மாத்திரம் கண்ணால் பார்த்தேன்.

அந்த அம்மா ஒன்றரை வருஷம் நன்றாயிருந்தார்கள். பிறகு நோய் திரும்பி வந்தது. கடைசி மூன்று மாதம் வலிக்கு மருந்து கொடுத்து வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். அவர்கள் காலமாகி இரண்டு மாதம் கழித்து, அவர் ஒரு மூட்டை மல்லாட்டையைத் தலையில் சுமந்துகொண்டு மருத்துவமனைக்கு வந்தார். கொட்டகையில் தங்குகிறவர்களுக்குக் கொடுக்கச் சொன்னார். "எப்படி இருக்கிறீங்க?" என்றேன். "வீடு வெறிச்சுன்னு இருக்குது ஐயா. ஆனா சொல்ல வேண்டியது எதையும் பாக்கி வைக்கலே" என்றார்.

பிரியமானவர்களே, மூன்று காரியங்களைக் கேட்டு முடிக்கிறேன். முதலாவது, சகோதரிகளே, மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் பட்டாலும், நாற்றமுள்ள வெள்ளை பட்டாலும் மறைக்காதிருங்கள். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தப் பரிசோதனை உண்டு. புற்றாக மாறுமுன்பே கண்டுபிடிக்கக்கூடிய நோய் இது. சகோதரரே, நீங்களே துணைக்குப் போங்கள். இரண்டாவது, உடனிருப்போர் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த பாயிலும் அடுப்பிலும்தான் அந்த மனிதர் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார். மழைக்காலத்தில் தரை ஈரமாகிறது. கட்டில்கள் தேவைப்படுகின்றன.

மூன்றாவதற்குச் செலவு இல்லை. இன்று இரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு எழும்பும்போது, சாப்பாடு போட்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாலும் பரவாயில்லை.

கர்த்தர் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.