பாரடைஸா, பாரதியா?

(ஸ்ரீவில்லிபுத்தூரில் நடைபெற்ற குறுவளமையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் சமூக அறிவியல் ஆசிரியை. ஆனால் இன்று பேசப்போவது பிரெஞ்சு மெய்யொலிகளைப் பற்றி. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்த ஒலிகளை மட்டும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாயில் வரவழைக்கப் பார்த்தேன். அதற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு.

கர்நாடகப் போர்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. 1746இல் அடையாற்றங்கரையில் ஆற்காடு நவாப்பின் மகன் மாபூஸ்கானுடைய பெரும்படையை ஒரு சிறிய பிரெஞ்சுப் படை தோற்கடித்தது. அதை நடத்தியவரை நாமெல்லாம் கேப்டன் பாரடைஸ் என்றுதான் சொல்லிவருகிறோம். ஒரு மாணவி எழுந்து வாசித்தாள். அந்தப் பெயர் வந்ததும் "கேப்டன் பாரதி" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சும்மா இருந்திருக்கலாம். "பாரதியாரை ஏம்மா சண்டைக்கு இழுக்கிற?" என்று கேட்டுவிட்டேன். சிரிப்பு இரண்டு மடங்கானது. அவள் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு வாசிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டால் அவள் கை தூக்குவதில்லை. முதல் வாரம் நான் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரம் கவனித்தேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதும் மெதுவாகச் சொன்னாள். "பெரியம்மா வீடு பாண்டிச்சேரியில இருக்கு டீச்சர். அங்க அக்கா பிரெஞ்சு படிக்கிறாங்க. அவங்கதான் அந்தப் பேரைப் பாரதின்னு சொல்லிக் கொடுத்தாங்க."

அன்று இரவு கைப்பேசியில் அந்தச் சொல்லைப் பிரெஞ்சில் ஒலிக்கவிட்டுக் கேட்டேன். கடைசி எஸ் ஒலிக்கவே இல்லை. டி என்ற எழுத்து நம் 'தி' போலவே கேட்டது. நடுவில் உள்ள ர மட்டும் தொண்டைக்குள்ளிருந்து வந்தது. மற்றபடி பாரதியேதான்! மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தது எல்லார் முன்னாலும்தானே?

பிள்ளைகள் விடவில்லை. எழுதியிருப்பது ஒன்று, சொல்வது ஒன்றா, எப்படி டீச்சர் என்று கேட்டார்கள். அந்த மாணவியின் அக்கா தொலைபேசியில் சொல்லித்தந்ததும், நான் தேடிப் படித்ததுமாக நாலைந்து மாலை வேளைகள் இதிலேயே போயின.

ஒரு சின்னச் சோதனை. கையிலிருக்கும் தாளின் ஓரத்தில் ஒரு கீற்றுக் கிழித்து உதட்டுக்கு நேரே பிடித்துக்கொள்ளுங்கள். 'பத்து' என்று சொல்லுங்கள். தாள் அநேகமாக அசையாது. இங்கிலாந்துக்காரர் 'பென்' என்று சொன்னால் தாள் படபடக்கும். அவருடைய ப-வோடு ஒரு காற்று சேர்ந்து வருகிறது. பிரெஞ்சுக்காரரின் ப, த, க மூன்றிலும் அந்தக் காற்று இல்லை. நம்முடையதைப் போலவே அடக்கமானவை. பிரெஞ்சில் அப்பாவுக்கு 'பேர்' என்று பெயர். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் ப-வைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆங்கிலத்தில் 'டேபிள்' என்கிறோம். அதே எழுத்துகளைப் பிரெஞ்சுக்காரர் 'தாப்ல்' என்பார். ஆங்கில டி பல்லைத் தொடாது, அதற்குச் சற்று மேலே ஈற்றில் நிற்கும். நம் காதுக்கு அது ட போலக் கேட்கிறது. பிரெஞ்சு நாக்கு பல்லைத் தொடுகிறது. நுனிநாக்கு மேல்பல்லின் அடியைப் பொருந்தினால் தகரம் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்வது இந்த இடத்தைத்தான். நாம் பிரெஞ்சுப் பெயர்களை ஆங்கிலம் வழியாக வாங்கியதால் த எல்லாம் ட ஆகிவிட்டது. புதுச்சேரியில் இருந்தவர்களுக்கு அந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை. 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை அந்தப் பெயர்களை நேராகக் காதால் கேட்டவர். ஊர்ப்பெயரையே பாருங்கள். பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'போந்திஷேரி'. தி நம் தி. சே மட்டும் ஷே ஆகிவிட்டது. ஏனென்றால் நாம் ச என்று வாசிக்கும் அந்த இரட்டை எழுத்து அவர்களுக்கு ஷ.

ஞ-வும் நம்மிடம் இருக்கிறது. மலைக்கு அவர்கள் சொல் 'மோந்தாஞ்'. சொல்லின் கடைசியில் ஞ் வருவது நமக்குப் புதிதாக இருக்கும். தமிழாசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள், அப்படி முடியும் சொல் ஒன்றே என்று தொல்காப்பியர் குறித்து வைத்திருப்பதும், அது 'உரிஞ்' என்று உரையாசிரியர்கள் காட்டுவதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இனி நம்மிடம் இல்லாதவை. முதலில் ஃப. நம் வகுப்பில் "பேன் போடுங்க டீச்சர்" என்று பிள்ளைகள் கேட்கும்போது நான் தலையைச் சொறிவதுண்டு. ஆய்தம் போட்டு எழுதிக்காட்டினால் கையெழுத்து மாறுகிறதே தவிர ஒலி மாறவில்லை. மேல்பல்லும் இதழும் இயைந்து வகரம் பிறக்கும் என்று பிறப்பியலில் உள்ளதைப் படித்தபோதுதான் வழி கிடைத்தது. "வ் சொல்ல வாயை வச்சுக்கோ. பல் உதட்டுலயே இருக்கட்டும். இப்ப குரலை நிறுத்திட்டு ஊது." ஃப் வந்துவிட்டது. இருபது நிமிடத்தில் முக்கால்வாசி வகுப்புக்கு வந்தது.

அடுத்தது குரல் சேர்ந்த ஸ், ஆங்கில 'ஜூ'வின் முதல் ஒலி. தொண்டையில் இரண்டு விரலை வைத்து ஸ் என்று நீட்டினால் அதிர்வு இருக்காது. நாக்கை அசைக்காமல் குரலை மட்டும் சேர்த்தால் வண்டு ரீங்காரம் போல வரும், விரல் அதிரும். இது எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். பிரெஞ்சில் மீனுக்கும் விஷத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல். 'ப்வாஸோன்' என்பது போல ஒலிக்கும், கடைசி ன் மூக்கிலேயே கரைந்துவிடும். நடுவில் ஸ் வெறும் காற்றாக இருந்தால் மீன், குரல் சேர்ந்தால் விஷம். "அப்ப ஹோட்டல்ல பாத்துத்தான் கேக்கணும்" என்றான். அதன் பிறகு யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே வித்தையை ஷ்-க்குச் செய்தால் 'மெஷர்', 'டெலிவிஷன்' ஆகியவற்றின் நடுவில் உண்மையில் ஒலிக்க வேண்டிய ஒலி கிடைக்கும். பிரெஞ்சில் இது நிறைய. நம் சிறுபத்திரிகைகளில் 'ழாக் தெரிதா' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ழ இந்த ஒலிக்காகப் போட்டது. ஜ-வும் பொருந்தாது, ஷ-வும் பொருந்தாது என்று தவித்து ழ-வை எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ழ-வுக்கு நாக்கு மடிய வேண்டும், இதற்கு மடியக் கூடாது. அதிலும் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று சொல்கிற நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் அந்த ழ-வைக் கொடுத்தால் தெரிதா 'ளாக்' ஆகிவிடுவார்.

சொல்லின் கடைசியில் எழுதிய மெய் பெரும்பாலும் ஒலிக்காது என்பது பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருந்தது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் சில இடங்களில் அந்த ஊமை எஸ் குரலோடு எழுந்துவரும். புணர்ச்சி நடத்துகிறவர்களுக்கு அது அதிசயமாக இராது.

மிச்சம் அந்த ர. அதற்கு நுனிநாக்குக்கு வேலையே இல்லை. உள்நாக்குப் பக்கம், க பிறக்கும் இடத்துக்கும் பின்னால், காற்று உரச வேண்டும். எஃகு என்பதில் ஆய்தத்தை அழுத்திச் சொல்லி, குரலைச் சேர்த்து, இன்னும் உள்ளே தள்ளச் சொன்னேன். சிலருக்கு வந்தது. சிலரை வீட்டில் தண்ணீர் வைத்துத் தொண்டையில் கொப்பளித்துப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் ஒரு தாய் வந்து, "பிள்ளைக்குத் தொண்டை வலியா டீச்சர்? ராத்திரியெல்லாம் கொப்பளிக்கிறா" என்று கேட்டார்.

போன மாதம் அந்தப் பாடத்தைத் திருப்புதலுக்காக மறுபடி எடுத்தோம். 1746இல் சென்னையைப் பிடித்த கடற்படைத் தலைவரின் பெயர் வந்தது. நாம் 'லா போர்டொனாய்ஸ்' என்று எழுத்துக் கூட்டுகிற பெயர். அந்த மாணவி கை தூக்கினாள். எழுந்து 'லா பூர்தொனே' என்று எஸ் இல்லாமல் வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைத்தான் முதலில் பார்த்தாள். பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "டீச்சர், அந்த ர-வை நீங்க ஒரு தடவை சொல்லுங்க" என்றான்.

சொன்னேன். இந்த முறை வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அந்த ர இன்னும் வரவில்லை.